கோதுமை ஒவ்வாதாரும் உணவு விடுதியும்

இவ்வாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, சோழர் கடற்படையைப் பற்றியோ, நம் நாட்டு இருப்புப்பாதையின் தோற்றத்தைப் பற்றியோ எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். ஆயினும், பேரரசுகளுக்கு மட்டுமன்றி நாம் நாள்தோறும் உண்ணும் தானியங்களுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாறு சில வேளைகளில் அழைப்பின்றியே நம் இல்லத்துள் நுழைந்து அடுக்களையில் அமர்ந்துவிடுகிறது. என் இல்லத்தில் அவ்வாறு நுழைந்த ஒன்றையே இங்கு எழுதத் துணிகிறேன். நான் மருத்துவனல்லன், பள்ளியிறுதி வகுப்பு வரை பயின்று, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிப்பவன். கற்றறிந்தோர் குறை கண்டால் பொறுத்தருள்க.

என் மனைவி தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவள். திருமணமாகித் தில்லிக்கு வரும் வரையில் மூன்று வேளையும் அரிசி உணவன்றி வேறறியாள். “இவ்வூர்க் குளிருக்கு அரிசி ஆகாது, இரவில் சப்பாத்தி உண்டாற்றான் உடம்பு தேறும்” என்று அவளை வற்புறுத்தியவன் நானே. சில ஆண்டுகளில் அவள் மெலிந்தாள். முகம் வெளுத்தது. அடிக்கடி வயிற்றுப்போக்கு, மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு. இரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரைகள் கொடுத்தார்கள், உண்டும் பயனில்லை. “இரண்டு சப்பாத்தி கூடுதலாகச் சாப்பிடு” என்று நான் மேலும் வற்புறுத்தினேன். ஆறாண்டுகள் இவ்வாறு கழிந்தபின், ஒரு மருத்துவர் இரத்தத்தில் ஒரு பரிசோதனையும், பின்னர்ச் சிறுகுடலின் ஒரு துணுக்கை எடுத்து ஒரு பரிசோதனையும் செய்வித்து, “இது சீலியாக் நோய்; இனி வாழ்நாள் முழுதும் கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களும் விலக்கு” என்றார். நான் அன்பென்று எண்ணி ஊட்டியது அவளுக்கு நஞ்சாயிருந்தது என்பதை அன்றே அறிந்தேன்.

சில மாதங்களில் அவள் தேறினாள். அம்மகிழ்ச்சியில், நம்மவர் நடத்தும் ஓர் உணவு விடுதிக்கு அவளை அழைத்துச் சென்றேன். பூரி, பரோட்டா முதலியவற்றை ஏறிட்டும் பாராது, சாதா தோசையும் சாம்பாரும் வருவித்து உண்டாள். அன்றிரவே பழைய வேதனை திரும்பியது. தோசை அரிசியும் உளுந்தும். சாம்பார் பருப்பும் புளியும். இவற்றுள் கோதுமை எங்கிருந்து வந்தது? அவ்வினாவுக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

நோயின் பழைமை

கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் அமைந்த பசைத்தன்மையுள்ள ஒருவகைப் புரதத்திற்குக் குளூட்டன் என்று பெயர். சப்பாத்தி மாவு இழுத்தால் அறாமல் நீள்வது இதனாலேயே. பெரும்பாலார்க்கு இதனால் தீங்கில்லை. பிறவியிலேயே ஒருவகை உடற்கூறு அமைந்த சிலருக்கு மட்டும், இப்புரதம் குடலைச் சேர்ந்ததும் உடலின் காவற்படையே உடலுக்குப் பகையாக எழுகின்றது. உணவின் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. எவ்வளவு உண்டாலும் உடலிற் சேராமல், நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடக்கும் நிலை ஏற்படுகிறது.

ஏறத்தாழ 1,900 ஆண்டுகட்கு முன் வாழ்ந்த அரிட்டேயஸ் என்ற கிரேக்க மருத்துவர், செரியாத உணவு கழிந்து உடல் மெலியும் நோயொன்றை வருணித்து, வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டார். அப்பெயரே திரிந்து சீலியாக் என நிலைத்தது. அவருக்குப்பின் நெடுங்காலம் கழித்து, 1887-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் கீ என்பவர் இந்நோயைப் பற்றி ஒரு சொற்பொழிவாற்றினார். இது குணமாகுமாயின் உணவினாலேயே குணமாக வேண்டும் என்பது அவர் கருத்து. மருந்து என்று தலைப்பிட்ட அதிகாரத்தில் மருந்தைவிட உணவைப் பற்றியே மிகுதியாகப் பேசிய நம் வள்ளுவரை அது நினைவூட்டுகிறதன்றோ?

ஆயினும், எந்த உணவு என்பதில் கீ அவர்கள் வழி தவறினார். அவர் விலக்கச் சொன்னவற்றுள் அரிசியும் ஒன்று; கொள்ளலாம் என்றவற்றுள் மெல்லியதாக அரிந்து இருபுறமும் சுட்ட ரொட்டியும் ஒன்று! குற்றவாளியை விடுவித்து, குற்றமற்றவனைச் சிறையிலிட்ட கதை இது. ஹாலந்து நாட்டுச் சிப்பி இறைச்சியை நாள்தோறும் உண்ட குழந்தையொன்று தேறியதையும், சிப்பிப் பருவம் முடிந்ததும் அது மீண்டும் நலிந்ததையும் அவர் கண்டார். 1924-இல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் வாழைப்பழத்தை முதன்மையாக வைத்து, ரொட்டி முதலியவற்றை நீக்கிப் பல குழந்தைகளைப் பிழைப்பித்தார். குணம் செய்தது வாழைப்பழம் என்றே உலகம் நம்பியது. ரொட்டி நீங்கியதே காரணம் என்பதை எவரும் உணரவில்லை.

ஒரு தாய் சொன்ன சொல்

உண்மையைக் கண்டவர் ஹாலந்து நாட்டு வில்லெம் காரெல் டிக்கே என்பவர். 1905-இல் பிறந்த இவர், 1936-இல், தம் 31-ஆம் வயதிலேயே, ஹேக் நகரிலிருந்த ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனையின் தலைவரானார். தன் குழந்தைக்கு ரொட்டியை நிறுத்தினால் தோலிற் காணும் தடிப்பு மறைகிறது என்று ஓர் இளந்தாய் அவரிடம் கூறினாள். வேறொருவராயின் “எல்லாம் எமக்குத் தெரியும், அம்மா” என்று அனுப்பியிருப்பார். டிக்கே அச்சொல்லை மனத்திற் கொண்டார். தம்மிடமிருந்த நோயுற்ற குழந்தைகளுக்கு ரொட்டியை நீக்கிப் பார்த்தார். 1941-இலேயே ரொட்டியற்ற உணவுமுறையைத் தம் தாய்மொழியில் எழுதி வெளியிட்டார்.

இவ்விடத்தில் ரயில்வே ஊழியனான என்னைத் தடுத்து நிறுத்திய நிகழ்ச்சி ஒன்றுண்டு. இரண்டாம் உலகப்போரில் ஹாலந்து ஜெர்மானியர் பிடியில் இருந்தது. 1944 செப்டம்பர் 17-ஆம் நாள், நேச நாட்டுப் படைகளுக்கு உதவும் பொருட்டு, லண்டனிலிருந்த ஹாலந்து அரசின் அழைப்பை ஏற்று அந்நாட்டு ரயில்வே தொழிலாளர் ஏறத்தாழ 30,000 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். பகைவர் சினங்கொண்டு, நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்லும் வழிகளை அடைத்தனர். பின்னர்த் தடை தளர்ந்தபோதோ, கடுங்குளிரில் கால்வாய்கள் உறைந்தன. நகரங்களில் ஒருவர்க்கு நாளொன்றுக்குக் கிடைத்த உணவு 1,000 கலோரிக்கும் கீழிறங்கியது. மக்கள் டூலிப் மலர்க் கிழங்குகளையும் சர்க்கரைக் கிழங்குகளையும் வேகவைத்து உண்டனர். சுமார் 20,000 பேர் மாண்டனர். அந்நாட்டார் இதனைப் பசிக் குளிர்காலம் என்று இன்றும் நினைவுகூர்கின்றனர்.

அக்கொடிய காலத்தில், ஊரார் குழந்தைகளெல்லாம் வாட, சீலியாக் நோய்க் குழந்தைகள் மட்டும் ரொட்டியின்றிச் சற்றே தேறினர் என்றும், ரொட்டி மீண்டும் வந்ததும் நோயும் மீண்டது என்றும் மருத்துவ வரலாறு கூறுகிறது. பஞ்சத்தினாற்றான் இவ்வுண்மை வெளிப்பட்டது எனப் பலரும் எழுதுவர். அது முழு உண்மையன்று. அத்தாயின் சொல்லைக் கேட்ட காதே முதலில். பஞ்சம் அதற்குச் சான்றாக வந்தது.

போருக்குப்பின் உட்ரெக்ட் நகரில் டிக்கே, வெயர்ஸ் என்ற மருத்துவரோடும் வான் டி காமர் என்ற வேதியியலாரோடும் சேர்ந்து, குழந்தைகளுக்கு வெவ்வேறு மாவுகளைக் கொடுத்து, சேராது கழியும் கொழுப்பை அளந்து பார்த்தார். கோதுமையும் ரையும் கேடு செய்தன. அரிசியும் மக்காச்சோளமும் செய்யவில்லை. 1950-இல் இதனைத் தம் பட்ட ஆய்வாக அளித்தார். கோதுமையிலுள்ள குளூட்டனே காரணம் என்பது 1953-க்குள் உறுதியாயிற்று. கீ அவர்கள் சிறையிலிட்ட அரிசி, 60 ஆண்டுகளுக்கு மேல் கழித்து விடுதலை பெற்றது.

நம் நாட்டில்

இது மேலைநாட்டார் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. வட இந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் உள்ளதென 1966-இல் நம் மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினர். எனினும் ஐயுற்றுத் தேடுவார் அரியராகவே இருந்தனர். 1997-இல் ஜெர்மானிய அறிஞர்கள் நோயின் அடையாளமான ஒரு நொதியைக் கண்டறிந்தபின் இரத்தப் பரிசோதனை எளிதாயிற்று. தில்லிப் பகுதியில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், 96 பேருக்கு ஒருவர்க்கு இந்நோய் இருப்பதாகத் தெரிந்தது.

2016-இல் வெளியான மற்றோர் ஆய்வு நமக்கு மிக நெருங்கியது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளிலும் 23,331 பேரைச் சோதித்தனர். நோயுற்றார் வடக்கில் பதினாயிரத்துக்கு ஏறத்தாழ 85 பேர். தெற்கில் பதினாயிரத்துக்கு ஒருவர். இந்நோய்க்கு இடந்தரும் பிறவிக்கூறோ மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இருந்தது. வேறுபாடு உணவில்தான்: நாளொன்றுக்கு ஒருவர் உண்ணும் கோதுமை வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். இவ்வெண்களைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. பிறவிக்கூறு உடைய எல்லோரும் நோயுறுவதில்லை. ஆயினும், தஞ்சையில் பூட்டியே கிடந்திருக்கக்கூடிய ஒரு கதவை நான் தில்லியிற் சப்பாத்தியால் தட்டித் திறந்தேனோ என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

தெற்கிலும் கோதுமை பிற்காலத்திலேதான் பெருகியது. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றியதும் பர்மா அரிசி வருவது நின்றது. பங்கீட்டுக் காலத்தில் அரிசி உண்போர் கோதுமையைச் சமைக்கக் கற்றனர். பெங்களூரில் 1924-இல் தொடங்கப்பெற்ற மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்ற புகழ்பெற்ற விடுதி, போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டின்போது ரவையைக் கொண்டு ரவா இட்லியை ஆக்கியதாகச் சொல்லிக்கொள்கிறது. 1956 ஒப்பந்தத்தின்படி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1960-களின் பிற்பகுதியிற் பசுமைப் புரட்சி தோன்றி நம் வயல்களிலேயே அது பொங்கியது. பசிப்பிணி தீர்த்த அத்தானியத்தைப் பழிப்பது நன்றியன்று. கோடிக்கணக்கானோர்க்கு அமுதானது, சிலருக்கு மட்டும் ஆகாததாயிற்று, அவ்வளவே.

விடுதியின் சமையற்கூடம்

இனி, தோசைக்குள் கோதுமை வந்த வழியைக் காண்போம்.

முதல் ஒற்றன் பெருங்காயம். ஆப்கானிஸ்தானம், ஈரான் முதலிய நாடுகளிலிருந்து வரும் பிசின் அது. நம் நாட்டில் 2020-இற்றான் இமாசலத்து லாஹுல் பள்ளத்தாக்கில் அதனைப் பயிரிடும் முயற்சி தொடங்கியது. தூய பிசின் மிகவும் காரமானது. ஆதலின் மாவும் கோந்தும் கலந்து கூட்டுப் பெருங்காயமாகவே விற்கின்றனர். அம்மாவு பெரும்பாலும் மைதாவாகவோ கோதுமை மாவாகவோ இருக்கும். சாம்பார், ரசம், தயிர்சாதத்தின் தாளிப்பு, இட்லிப்பொடி ஆகிய அனைத்திலும் ஒரு சிட்டிகை கோதுமை இவ்வாறு ஒளிந்து வருகிறது.

இரண்டாவது, தோசைக்கல். ரவா தோசையும், அதன் பின் சாதா தோசையும் ஒரே கல்லில் வார்க்கப்படுகின்றன. திருப்பும் கரண்டியும் ஒன்றே. மூன்றாவது, எண்ணெய். பூரி பொரித்த கடாயிலேயே வடையும் பொரிகிறது. நான்காவது, முறுகலுக்காகத் தோசைமாவிற் சேர்க்கும் ஒரு கைப்பிடி ரவையோ மைதாவோ. இவற்றுள் எது அன்று என் மனைவியை வருத்தியதென அறுதியிட்டுச் சொல்ல இயலாது. எதுவாயினும் பரிமாறியவர் மீது குற்றமில்லை. கேளாதது எங்கள் பிழை.

“ஒரு சிட்டிகைக்கா இவ்வளவு?” என்று வினவலாம். 2007-இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்று, நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் உட்கொண்டாலே இந்நோயாளரின் குடல் பழுதுறுவதைக் காட்டியது. ஒரு கிலோகிராம் உணவில் 20 மில்லிகிராமுக்கு மேற்படாதிருந்தாலன்றிக் குளூட்டனற்றது என எழுதலாகாது என்பது நம் நாட்டுச் சட்டம். 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களிற் கிளைகளுள்ள பெரிய விடுதிகள், ஒவ்வாமை தரும் பொருள்களைப் பற்றி உண்போருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் 2020-இல் வகுக்கப்பட்டது. சிறு விடுதிகளுக்கு அவ்விதி இல்லை. அங்கு நமக்குத் துணை நம் வாய் ஒன்றே.

வடவரின் உணவிலும் வழியில்லாமலில்லை. நவராத்திரி விரதத்தில் அவர்கள் கோதுமையை விலக்கிக் குட்டு மாவும், சிங்காடா மாவும் கொள்கின்றனர். பஞ்சாபியரின் மக்காச்சோள ரொட்டியும், ராஜஸ்தானியரின் கம்பு ரொட்டியும், மராட்டியரின் சோள ரொட்டியும் குளூட்டனற்றவை. ஆனால் அவற்றைத் தட்டும் கையிலும் பலகையிலும் கோதுமை மாவு ஒட்டியிருத்தலாகாது. எங்கும் வினா ஒன்றே: “எதனால் செய்தீர்கள், எதோடு செய்தீர்கள்?”

கேட்பதற்கு நான் கூசினேன். கூட்டமிகுந்த விடுதியில் பரிமாறுபவரை நிறுத்தி வைத்து வினாத்தொடுப்பது நாகரிகமா என்று எண்ணினேன். என் மனைவியோ, “ஏங்க, இனி வெளியிற் சாப்பிட வேண்டாம், வீட்டிலேயே இருந்துவிடுவோம்” என்றாள். இந்நோயின் பெரிய துன்பம் வயிற்றில் இல்லை என்பது அப்பொழுது விளங்கியது. உறவினர் திருமணம், அண்டை வீட்டார் பிறந்தநாள், ரயிற்பயணம் ஆகிய அனைத்திலும் மற்றவர் கூடியுண்ண, ஒருத்தி மட்டும் தன் டப்பாவோடு ஒதுங்கியிருப்பதே பெருந்துன்பம்.

ஒரு நாள் துணிந்து, கரோல்பாகில் ஒரு சிறு விடுதியின் சமையற்காரரை அழைத்து எல்லாம் சொன்னேன். அம்முதியவர் பொறுமையோடு கேட்டு, “அம்மா, காலையிற் கடை திறந்தவுடன் வாருங்கள். கல்லைத் தேய்த்துக் கழுவி முதல் தோசை உங்களுக்கே வார்க்கிறேன். பெருங்காயம் போடுமுன் ஒரு கிண்ணம் சாம்பாரைத் தனியே எடுத்து வைக்கிறேன். எங்கள் மாவில் ரவை இல்லை” என்றார். அவ்வாறே செய்தார். அன்று என் மனைவி இரண்டு தோசை உண்டாள். இரவு முழுதும் நான் விழித்திருந்தேன். அவள் நன்றாக உறங்கினாள். அன்று முதல் மாதமொரு முறை அங்குச் செல்கிறோம். பட்டம் பெற்ற டிக்கே ஒரு தாயின் சொல்லைக் கேட்டார். பட்டம் பெறாத இச்சமையற்காரரும் கேட்டார். எனக்கு இருவரும் ஒருவரே.

ஒரு விண்ணப்பம்

இந்நோய்க்கு இன்றளவும் விலக்குணவன்றி வேறு மருந்தில்லை. இக்கட்டுரையைப் படிக்கும் இல்லங்களுள் எதிலேனும், காரணமறியா இரத்தசோகையோடும் தீராத வயிற்றுப்போக்கோடும் ஒருவர் வாடியிருக்கலாம். வளர வேண்டிய வயதில் வளராத குழந்தை இருக்கலாம். அவர்கள் மருத்துவரிடம் இப்பரிசோதனையைப் பற்றிக் கேட்பாராக. பரிசோதனைக்கு முன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிடுதல் கூடாது. நிறுத்தினால் நோய் பரிசோதனையிற் புலப்படாமற் போகும்.

மற்றொன்று, நம் விருந்துக் குழுவினருக்கு. ஆண்டு விழாப் பந்தியில் கடந்த மூன்றாண்டுகளாக என் மனைவி எவர்சில்வர் டப்பாவோடு ஓரத்தில் அமர்கிறாள். “எங்கள் சமையல் பிடிக்கவில்லையா?” என்று அன்போடு கேட்டவர்களும் உண்டு, பெருமை பிடித்தவள் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. எவர் மீதும் வருத்தமில்லை, அறியாமல் கேட்டனர். நான் வேண்டுவது பெரிதன்று. கோதுமை மாவு கலவாத பெருங்காயம் வாங்குக. அல்லது அது சேருமுன் சிறிது சாம்பாரும் ரசமும் தனியே எடுத்து மூடி வைக்க. அப்பளமும் வடையும் பொரித்து முடித்தபின் பூரிக்கு மாவு பிசைக. சேமியாப் பாயசத்துக்குப் பதிலாக ஓராண்டு அரிசிப் பாயசம் வைக்க. இவற்றால் எவருக்கும் சுவை குறையாது, செலவும் மிகாது.

அவ்வாறு செய்தால், வரும் ஆண்டு விழாவில் ஓர் இலை கூடுதலாகப் போட வேண்டியிருக்கும். அவ்விலைக்குரியவள் டப்பாவை வீட்டில் வைத்துவிட்டு வருவாள்.